நடந்ததை மட்டுமே எழுதினாலும் உண்மையாகிவிடாது

தாத்தா இறந்து ஓராண்டு கழிந்த பிறகு அவரைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினேன். பதினேழு வயதில் தந்தையை இழந்து தம்பி தங்கைகளை ஒற்றை ஆளாய்க் கரையேற்றியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இரவில் விளக்கடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவர், அதற்குக் காசு வாங்காதவர் என்றெல்லாம் அதில் இருந்தது. இவற்றில் ஒன்றுகூட நானாகக் கட்டிச் சொன்னதில்லை; கேட்டறிந்து, இரண்டு பேரிடமாவது உறுதிசெய்துகொண்டுதான் எழுதினேன். அத்தை அதை மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் நிதானமாகப் படித்தார். தாள்களை மடித்துத் திருப்பித் தந்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் நடந்ததுதாம்பா. நல்லாவும் எழுதியிருக்க. ஆனா இது எங்கப்பா இல்லையே."

எது தவறு என்று கேட்டேன். அவரால் ஒரு வரியைக்கூடச் சுட்டிக்காட்ட முடியவில்லை. அன்றைக்கு அதை அவருடைய குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். எழுத்தில் வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது பற்றிய சிக்கல் முழுவதும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. தகவலின் உண்மை வேறு, சித்திரிப்பின் உண்மை வேறு. முன்னதைச் சரிபார்க்க ஆவணம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, தேதி இருக்கிறது. பின்னதற்கு அப்படி எந்த முத்திரையும் கிடையாது; அந்த வாழ்க்கையை அருகிலிருந்து அறிந்த ஒருவர் படித்துவிட்டு "ஆமாம், இப்படித்தான்" என்று சொல்வதும் சொல்லாமல் இருப்பதும்தான் சோதனை. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க, மொத்தமும் பொய்யாகிவிடுவது எப்படி என்பதே இங்கே கேள்வி.

விடை, விடுபட்டவற்றில் இருக்கிறது. ஒரு நாளில் 86,400 விநாடிகள் உண்டு. எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவருக்கு இருபத்தைந்தாயிரம் நாட்களுக்கு மேல் வாய்த்திருக்கும். அதை நான்கு பக்கத்தில் சொல்லும்போது எடுத்தது ஒரு கைப்பிடி, விட்டது ஒரு களஞ்சியம். ஆகவே எழுதுபவர் துணிந்து பொய் சொல்லுமிடங்கள் குறைவு. எதை அள்ளினோம், அதற்கு எத்தனை வரி கொடுத்தோம், எந்த வினைச்சொல்லால் அதைச் சொன்னோம் என்ற மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார். சறுக்கியது அவருக்கே தெரியாது என்பதுதான் இதில் சங்கடம்.

தமிழிலக்கணம் இந்தச் சிக்கலை மிகப் பழைய காலத்திலேயே கண்டுகொண்டிருக்கிறது. பாடலுக்குரிய நெறியைச் சொல்ல வந்த தொல்காப்பியம் அகத்திணையியலில் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைப் பிரித்து, அவ்விரண்டும் சேர்ந்ததையே புலனெறி வழக்கம் என்கிறது. உலகியல் வழக்கு என்பது உலகத்தாரின் நடைமுறையோடு ஒத்து வருவது. நாடக வழக்குக்கு உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம்தான் நம் பொருளுக்கு நெருக்கமானது: சுவைபட வருபவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தனவாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு என்கிறார் அவர். பொய் சொல்வது என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உலகில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவற்றைச் சுவை கருதி ஒன்றாகத் திரட்டுவதையே சொல்கிறார். அந்தத் திரட்டல் இல்லாமல் எழுத்தே இல்லை. ஆனால் அது மட்டுமே நின்று, உலகியல் வழக்கு கழன்று போகும்போது, என் தாத்தாவைப் போன்ற ஒருவர் பிறக்கிறார்: நடந்தவற்றால் ஆனவர், ஆனால் எங்கும் வாழ்ந்திராதவர்.

வரிகளின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். தாத்தா மனு எழுதிக் கொடுத்தது மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள். என் கட்டுரையில் அது முழுதாக ஒரு பக்கம் பிடித்திருந்தது. வீட்டில் அவர் வாய்திறந்து பேசியதைவிடப் பேசாதிருந்த நேரம் மிகுதி. அந்த மௌனத்துக்குப் பயந்து பிள்ளைகள் தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துப் பழகியிருந்தார்கள். நாள்தோறும் நாற்பது ஆண்டுகள் நடந்த அதற்கு நான் கொடுத்த இடம் ஒரு வரிகூட இல்லை. அத்தைக்குத் தெரிந்த அப்பா அந்த மௌனம்தான். மனு எழுதிக் கொடுத்தவர் ஊராருக்குத் தெரிந்தவர். வாசகர் ஒரு கட்டுரையில் எதற்கு எவ்வளவு இடம் என்பதை அளந்து பார்ப்பதில்லை. ஆனால் எது அதிக இடம் பிடித்ததோ அதுவே அந்த வாழ்க்கையில் அதிகம் நிகழ்ந்தது என்று தம்மையறியாமல் எடுத்துக்கொள்கிறார். விகிதம் பிசகினால் உண்மை பிசகுகிறது.

வினைச்சொல்லின் வேலை இதைவிட நுட்பமானது. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சான்று. கார் விபத்துப் படச்சுருள்களை மாணவர்களுக்குக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றார்கள். "தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 32 மைல் என்றார்கள். பார்த்த படமோ ஒன்றுதான். தொடர்ந்து செய்த இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, வலிய சொல்லால் கேட்கப்பட்டவர்களில் கூடுதலானோர் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஒரு வினைச்சொல் வேகத்தைக் கூட்டியதோடு நிற்காமல் இல்லாத கண்ணாடியையும் உடைத்துவிட்டது.

தமிழில் எழுதுபவருக்கு இது அன்றாடப் பிரச்சினை. "வீட்டைவிட்டுப் போனாள்", "வீட்டைவிட்டு வெளியேறினாள்", "வீட்டைவிட்டு ஓடிப்போனாள்" என்ற மூன்றும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றன. முதலாவது பார்த்ததைச் சொல்கிறது. இரண்டாவது அவள் பக்கம் நிற்கிறது. மூன்றாவது தெருமுனையில் நின்று தீர்ப்பு வழங்குகிறது. நம்முடைய துணைவினைகள் இன்னும் கூர்மையானவை. "சொன்னான்" என்பதற்கும் "சொல்லித் தொலைத்தான்" என்பதற்கும் நடுவில் ஒரு முழுக் குணச்சித்திரம் உட்கார்ந்திருக்கிறது. எழுதுபவர் அந்தச் சொல்லைத் தெரிந்து போட்டிருந்தால் அது கலை. கைபோன போக்கில் விழுந்திருந்தால், அவர் அறியாமலே ஒருவருக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்.

இவற்றுக்கெல்லாம் முன்பே, எழுத உட்காருவதற்கு வெகுநாள் முந்தியே, நினைவு தன் பங்குக்கு ஒரு தொகுப்பைச் செய்து முடித்திருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் ஒரு முறை 60 விநாடிகள் 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிகளோடு, நீரின் வெப்பம் மெல்ல 15 பாகைக்கு ஏற, மேலும் 30 விநாடிகள் வைத்திருந்தார்கள். இரண்டாவதில் வேதனை கூடுதல் நேரம் நீடித்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தார்கள். உச்சமும் முடிவும் நினைவில் நிற்கின்றன, நீடித்த நேரம் நிற்பதில்லை என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். வாழ்க்கை வரலாறும் தன்வரலாறும் எழுதுபவர்கள் இதை ஓர் எச்சரிக்கையாகவே கொள்ளலாம். ஒரு திருமணத்தைப் பற்றி நினைவிலிருந்து எழுதினால் பெரிய சண்டையும் பிரிவும் வரும். இடையில் பதினைந்து ஆண்டுகள் ஒருவர் துணியை ஒருவர் மடித்து வைத்தது வராது. நோயைப் பற்றி எழுதினால் அறுவைச் சிகிச்சையும் மரணமும் வரும்; காத்திருப்பு அறையில் கழிந்த நூற்றுக்கணக்கான மணி நேரம் வராது. நோய் பெரும்பாலும் காத்திருப்புதான் என்பது, அதில் இருந்தவர்களுக்குத் தெரியும். அன்றன்றைக்கு எழுதி வைத்த குறிப்பு, பழைய கடிதம், வரவுசெலவு நோட்டு போன்றவற்றின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: எது உச்சமாகப் போகிறது, எது முடிவாகப் போகிறது என்று தெரியாத நிலையில் எழுதப்பட்டவை அவை.

இனி சமநிலை. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குச் சரிபாதி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஒருவருடைய நற்குணம் இரண்டைச் சொன்னால் துர்க்குணம் இரண்டைச் சொல்ல வேண்டும்; ஒரு சோகக் காட்சி வந்தால் ஒரு சிரிப்புக் காட்சி வர வேண்டும். இப்படி எழுதப்படுவது மளிகைக் கணக்கின் சமநிலை. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் எடுத்த உவமை துலாக்கோல் என்பதை நாம் மேலோட்டமாகவே படித்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சமன்செய்து சீர்தூக்கும் கோல் என்கிறார்; முதலில் தான் சமனாக நிற்கும், பிறகு தூக்கிப் பார்க்கும். பொருளை வைத்த பிறகும் சமனாகவே நிற்கும் தராசு பழுதான தராசு. எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் அது சாயத்தான் வேண்டும். சாய்வுக்குக் காரணம் பொருளின் கனமாக இருக்க வேண்டுமே தவிரக் கோலின் கோணலாக இருக்கக் கூடாது. அடுத்த குறளிலேயே அவர் சொற்கோட்டம், உட்கோட்டம் என்று இரண்டு கோணல்களைச் சொல்லி, உள்ளத்தில் கோணல் இல்லாவிட்டால்தான் சொல்லில் கோணல் இல்லாமை வாய்க்கும் என்கிறார். எழுத்தாளருக்கு இதைவிடத் துல்லியமான தொழில்குறிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

சரிபாதிச் சமநிலை எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்பதற்குச் செய்தித்துறையில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1988 முதல் 2002 வரை அமெரிக்காவின் நான்கு பெரிய நாளிதழ்களில் புவி வெப்பமடைதல் பற்றி வந்த செய்திகளை மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் இருவரும் ஆராய்ந்து 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆராயப்பட்டவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவை, மனிதச் செயல்களே காரணம் என்ற கருத்துக்கும் இயற்கை மாறுதலே காரணம் என்ற கருத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம் கொடுத்திருந்தன. அறிவியலாளர்களிடையே அந்த இரண்டு கருத்துகளும் ஒரே கனம் உடையவையாக இருக்கவில்லை. இரு தரப்பையும் கேட்ட நல்ல பழக்கமே அங்கே கோட்டமாக முடிந்தது. கதையிலும் இதுவே நடக்கும். அடிப்பவனுக்கும் அடிபடுபவளுக்கும் ஒரே அளவு பரிவைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, நான் யார் பக்கமும் சாயவில்லை என்று எழுதுபவர் பெருமைப்படலாம். கனமான தட்டைக் கையால் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்பதே உண்மை.

அப்படியானால் எழுத்தாளர் தீர்ப்புச் சொல்லிவிடலாமா என்ற கேள்வி உடனே எழும். இதற்காக ஒருவரை நீதிமன்றத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளாபேர் எழுதிய மதாம் பொவாரி நாவல் இதழில் தொடராக வந்ததும், பொது ஒழுக்கத்துக்கும் சமயத்துக்கும் கேடு விளைவித்ததாக 1857 ஜனவரியில் பாரிஸில் வழக்கு நடந்தது. அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினாரின் வாதத்தில் இன்றும் கவனிக்கத்தக்க இடம் ஒன்று உண்டு. கணவனுக்குத் துரோகம் செய்யும் இந்தப் பெண்ணைக் கண்டிக்கக்கூடியவர் நூலுக்குள் யார் இருக்கிறார் என்று கேட்டு, ஒருவரும் இல்லை என்றார் அவர். துரோகத்தை எழுதியதைவிட, அதன் தலையில் குட்டுவதற்கு ஒரு பாத்திரத்தைக்கூட வைக்காததே அவரை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். பிப்ரவரி 7 அன்று ஃப்ளாபேர் விடுதலையானார். அந்த வழக்கறிஞர் நாவலைத் தவறாகப் படித்தார் என்று நான் நினைக்கவில்லை. மிகச் சரியாகத்தான் படித்தார். அங்கே கண்டிப்பவர் இல்லை. ஆனால் கடன் பத்திரங்கள் இருக்கின்றன, அவற்றின் தவணைத் தேதிகள் இருக்கின்றன, ஊராரின் அற்பத்தனம் இருக்கிறது, கடைசியில் அவள் உட்கொள்ளும் விஷம் உடலுக்குள் செய்யும் வேலை இருக்கிறது. கனத்தைக் காட்ட அவையே போதும் என்று அந்த எழுத்தாளர் நம்பினார்.

முப்பது ஆண்டுகள் கழித்து ரஷ்யாவில் அந்தோன் செக்காவுக்கும் இதே குற்றச்சாட்டு வந்தது. இந்த முறை அவருடைய பதிப்பாளர் சுவோரினிடமிருந்து. 1890 ஏப்ரலில் அவருக்கு எழுதிய கடிதத்தில் செக்காவ், குதிரைத் திருடர்களைச் சித்திரிக்கும்போது குதிரை திருடுவது பாவம் என்று நான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள், அது நான் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற கருத்தில் பதில் சொல்கிறார். தீர்ப்பு நடுவர்களுடைய வேலை. அந்தத் திருடர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டுவது மட்டுமே தம் வேலை என்பது அவர் நிலை. இதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு எழுதிய இன்னொரு கடிதத்தில், சிக்கலைத் தீர்ப்பதும் சிக்கலைச் சரியாக முன்வைப்பதும் வெவ்வேறு, கலைஞனிடம் கேட்கத்தக்கது இரண்டாவது மட்டுமே என்று பிரித்துச் சொல்லியிருந்தார்.

இதைப் படித்துவிட்டுச் செக்காவை விலகி நின்று வேடிக்கை பார்ப்பவர் என்று முடிவுகட்டுபவர்கள், அதே ஏப்ரலில் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று தண்டனைக் கைதிகளை அனுப்பிவந்த சகலின் தீவுக்கு அவர் மாஸ்கோவிலிருந்து புறப்பட்டார். சைபீரியாவைக் கடக்கும் இருப்புப்பாதை அப்போது இல்லை. குதிரை வண்டியிலும் படகிலுமாக ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். தீவில் மூன்று மாதம் தங்கி, குடிசை குடிசையாக ஏறி இறங்கி, மருத்துவரான அவர் தனி ஆளாக மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்: பெயர், வயது, பிறந்த இடம், எந்த ஆண்டு தீவுக்கு வந்தார், என்ன தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன நோய். ஏறத்தாழ 10,000 அட்டைகள் நிரம்பின. ஒரு புனைகதை எழுத்தாளருக்கு இத்தனை அட்டைகள் எதற்கு என்று தோன்றலாம். இரண்டு கைதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது இரண்டு சுவையான கதைகள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் எது விதிவிலக்கு, எது வழக்கம் என்ற விகிதம் கையில் அகப்படுகிறது. தீர்ப்புச் சொல்லாதிருக்கும் உரிமையை அவர் அந்த உழைப்பால் சம்பாதித்தார் என்பேன். உழைக்காமல் ஒதுங்கி நின்றுகொண்டு "நான் காட்டுகிறேன், அவ்வளவுதான்" என்று சொல்பவருக்கு அந்த உரிமை கிடையாது.

உண்மை என்ற சொல்லை அதிகாரம் கைக்கொள்ளும்போது நடப்பது வேறு வகை. 1934-இல் நடந்த சோவியத் எழுத்தாளர்களின் முதல் மாநாடு ஏற்றுக்கொண்ட சோஷலிச யதார்த்தவாத வரையறையில், உண்மையான சித்திரிப்பு வேண்டும் என்பது வெளிப்படையாகவே இருக்கிறது. அதோடு, யதார்த்தத்தை அதன் புரட்சிகர வளர்ச்சியில் காட்ட வேண்டும் என்ற கட்டளையும் சேர்ந்திருந்தது. இருப்பதை எழுது, ஆனால் இருக்கப்போவதாக நாம் சொல்வதையே அதற்குள் பார் என்பது அதன் பொருள். உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இது முற்றி, நம் சமூகத்தில் நல்லதற்கும் அதைவிட நல்லதற்கும் இடையில் மட்டுமே மோதல் இருக்க முடியும் என்ற கொள்கை வரை போனது. மேடை நாடகங்கள் சப்பென்று போயின. கடைசியில் 1952-இல் கட்சி நாளேடான பிராவ்தாவே இதைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று.

இதன் எதிர்ப்பக்கத்து மிகையைப் பற்றி நாம் அவ்வளவு கண்டிப்பாகப் பேசுவதில்லை. ஏழ்மையை, நோயை, ஒடுக்குமுறையை எழுதும்போது முழுக்க முழுக்க இருட்டாக எழுதினால்தான் உண்மை என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. தீயது நல்லதைவிட மனத்தில் வலுவாகப் பதிகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து ராய் பாமைஸ்டரும் மற்றவர்களும் 2001-இல் காட்டினார்கள். வாசகர் இருட்டை எளிதில் நம்புகிறார், எழுதுபவருக்கும் அது கைகொடுக்கிறது. ஆனால் துன்பத்தில் இருப்பவர் இருபத்துநான்கு மணி நேரமும் துன்பப்பட்டுக்கொண்டே இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார், கிண்டல் செய்கிறார், பிள்ளையின் மதிப்பெண்ணுக்காகக் கோபிக்கிறார், தன்னைவிடக் கீழே இருப்பவரை அதட்டவும் செய்கிறார். அவரிடமிருந்து இவற்றையெல்லாம் உருவிவிட்டுத் துயரத்தை மட்டும் மிச்சம் வைக்கும் எழுத்து, அவருக்காக அழுதுகொண்டே அவரை மனிதராகவே இல்லாமல் செய்துவிடுகிறது. அவர் சிரித்ததை எழுதினால் அநீதியின் கனம் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சிரிக்கத் தெரிந்த மனிதருக்கு இது நேர்ந்தது என்பதில்தான் கனமே இருக்கிறது.

ஒரு சிறு காட்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். படுத்த படுக்கையாகிவிட்ட தந்தை, பார்த்துக்கொள்ளும் மகள். சிறு வயதில் அவர் அவளைக் கை நீட்டி அடித்திருக்கிறார். இப்போது அவள் அவருக்கு நகம் வெட்டுகிறாள். இதை உருக்கமாக எழுதுவது சுலபம்: அடித்த அதே கையை மடியில் ஏந்திக்கொண்டாள், கண்ணீர் அதன்மேல் சொட்டியது, எல்லாம் கரைந்து போயிற்று. கசப்பாக எழுதுவதும் அவ்வளவே சுலபம்: அந்தக் கையைத் தொடும்போதெல்லாம் உடம்பு கூசியது, கடமைக்காகச் செய்தாள், அவர் எப்போது போவார் என்று காத்திருந்தாள். சரிபாதிக்காரர் இரண்டையும் கலந்து, பாதி வெறுப்பும் பாதி அன்புமாக அவள் தவித்தாள் என்று எழுதி முடிப்பார். மூன்றிலும் நகம் இல்லை என்பதைப் பாருங்கள்.

நகத்திலிருந்து தொடங்கினால் இப்படி வரக்கூடும். முதியவர்களின் நகம் தடித்து விறைத்திருக்கும்; சும்மா வெட்ட வராது. அவள் வெந்நீரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் சுற்றி வைக்கிறாள். வெளிச்சத்துக்காகக் கட்டிலின் இந்தப் பக்கம் மாறி உட்காருகிறாள். கைப்பேசி அதிர்கிறது, எடுக்கவில்லை. நடுவிரலில் நகவெட்டி சற்று உள்ளே போய்விடுகிறது. ஒரு சொட்டு ரத்தம். "வலிக்குதாப்பா?" என்கிறாள். "இல்லம்மா" என்கிறார். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தபடி இருக்கும்போது, அது கை தவறியதுதானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அடுத்த விரலை எடுக்கிறாள். இந்த முறை இன்னும் மெதுவாக.

கதையாக இது பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை. இதில் அன்பு என்ற சொல்லும் இல்லை, வெறுப்பு என்ற சொல்லும் இல்லை. எதற்கு எத்தனை பங்கு என்று யாரும் அளந்து போடவில்லை. இருந்தும் இரண்டும் அதனதன் கனத்தோடு இருக்கின்றன. வெந்நீர்த் துணியில் ஒன்று, ரத்தச் சொட்டில் ஒன்று, "இன்னும் மெதுவாக" என்பதில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. அவளுக்கே நிச்சயமில்லாததை எழுதுபவரும் நிச்சயமாக்காமல் விட்டார் என்பது முக்கியம். தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது, எழுத்தில் மிக மரியாதையாக உலவும் பொய். தந்தையின் "இல்லம்மா"வைப் பற்றியும் ஒரு சொல்: அவர் மனந்திருந்தியவரா, வலியை ஒப்புக்கொள்ளாத பழைய வீம்பா, உடம்பில் உணர்ச்சி மங்கியதா என்று அந்த ஒரு சொல்லில் தெரிவதில்லை. வாழ்க்கையிலும் தெரிவதில்லை.

தவறு செய்பவரை எழுதும்போது இதே அக்கறை வேறு வடிவில் வேண்டும். ஏமாற்றுபவர் தம்மை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுவதில்லை. அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது அவருடைய வாயிலிருந்து அவருடைய மொழியில் வர வேண்டும். "எனக்கு யாரு பண்ணாங்க?" என்ற மூன்று சொல்லில் பல கொடுமைகளின் நியாயம் அடங்கிவிடுகிறது. அதை எழுதிக் காட்டுவது அவரை மன்னிப்பதாகாது. காரணமில்லாத தீயவர் ஒருவரைப் படைத்துவிட்டால் வாசகர் நிம்மதியாகத் தூங்கலாம், தம்மைப் போன்றவர் யாரும் அங்கே இல்லை என்று.

உயிரோடு இருக்கும் மனிதர்களை எழுதுவது தனிச் சிக்கல். முழு உண்மையும் எழுதத்தக்கது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒருவர் நம்பிச் சொன்ன நோயை, கடனை, பழைய காதலை, சமநிலைக்குத் தேவைப்படுகிறது என்ற காரணம் காட்டி அச்சில் ஏற்ற முடியாது. அங்கே விடுவதே நேர்மை. விட்டதை மறைக்க வேறொன்றைக் கற்பித்து நிரப்பாமலும் இருக்க வேண்டும். பெயரையும் அடையாளத்தையும் மாற்றலாம். குணத்தின் விகிதத்தை மாற்றினால் அது வேறொருவர்.

தாத்தா கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பினேன். மனு எழுதிக் கொடுத்த இரவுகளை ஒரு பத்தியாகச் சுருக்கினேன். மௌனத்தையும் சத்தமில்லாமல் வைக்கப்படும் தட்டுகளையும் சேர்த்தேன். அலமாரிச் சாவியை அவர் யாரிடமும் கொடுக்காமல் இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்ததையும், பாட்டி பத்து ரூபாய்க்குக்கூட அவர் முன்னால் போய் நின்றதையும், தம்பி தங்கைகளுக்குச் செலவழித்த கையின் இறுக்கம் அது என்று நான் ஊகிப்பதையும், ஊகம் என்று சொல்லியே எழுதினேன். அத்தைக்குப் படிக்கக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை கண்ணாடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"சாவி இடுப்புல இல்லப்பா," என்றார். "தலகாணிக்கு அடியில. அதுக்காகத்தான் உங்க பாட்டியக் கட்டில் பக்கமே வரவிடமாட்டாரு. மாத்தி எழுது."